நாலாவது வகை

நாற்பத்தொரு மாத நாவலுக்கும்
மெய்ப்புப் பார்த்தவள் நான்.
தனசிங் சாருக்கு மறதி.
பதினொன்றில் செத்துப்போன புரோக்கர்
பத்தொன்பதில் கொருக்குப்பேட்டை கேட்டில்
கூட்ஸ் கடந்துபோகக் காத்திருப்பான்.
அதனால்தான் இந்த நோட்டு.
முன்பக்கம் பால் கணக்கு,
திருப்பினால் ரத்தக்காட்டேரிகள்.

பேசின்பிரிட்ஜ் யார்டில் இருப்பவை பழையவை.
கழுவப் போகும் காலிப் பெட்டியில் படுத்திருக்கும்.
டிக்கெட் இல்லாதவனை மட்டும் கடிக்கும்.
ஏன் சார்?
"அவன் காணாப்பூட்டா
எந்த ரிஜிஸ்டர்லயும் பேர் இருக்காது ரெஜினா."
எழுதிக்கொண்டேன்.

காசிமேட்டு வகைக்கு மனுச ரத்தம் சேராது.
வஞ்சிரத்தின் செவுளில் வாய் வைக்கும்.
விடிகாலை ஏலத்தில்
செவுள் வெளுத்த மீனைக் கண்டால்
பழசு என்று நினைத்துவிடாதே என்பார்.
அம்மா இன்றைக்கும்
செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குகிறாள்.
நான் ஒன்றும் சொல்வதில்லை.

எண்ணூரில் இருப்பது சாம்பல் நிறம்.
கழிமுகத்தில் இடுப்பளவு நீரில் நிற்கும்.
கடித்தால் சாவு இல்லை, இருமல்.
இருபத்தாறாம் நாவலின் டாக்டர்
இது காட்டேரியா காற்றா என்று
கடைசிப் பக்கம் வரை கண்டுபிடிக்கவில்லை.
முடிவு சரியில்லை என்று
மணலியிலிருந்து ஒருவர் கார்டு போட்டிருந்தார்.
கையெழுத்துக்குக் கீழே,
தானும் இருமுவதாக.

எல்லாம் ஒரே உலகம்.
யார்டில் கடிபட்ட பவுனம்மா
பன்னிரண்டு நாவல் கழித்து
காசிமேட்டில் ஐஸ் உடைக்கிறாள்;
அவள் மகன் எண்ணூருக்குக் கடைசி பஸ் ஓட்டுகிறான்.
மூன்று வகையும் அந்த பஸ்ஸில் ஏறும்.
ஒன்றை ஒன்று பார்க்காது.
ஆனால் மூன்றுக்கும் ஒரு பயம்.

ஏழாம் நாவலில் ஒரு வரி,
முப்பதில் அரை வரி:
"நாலாவது வந்துடுச்சா?"
வேறெதுவும் இல்லை.
இது என்ன வகை என்று
ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போட்டனுப்புவேன்.
சார் அதை ரப்பரால் அழித்துத் திருப்பி அனுப்புவார்.

நாற்பத்திரண்டாவது, பக்கம் அறுபத்துமூன்றில் நிற்கிறது.
ஸ்டான்லியில் நாலு பாட்டில் கேட்டார்கள்.
பிரஸ் பையன் ஒன்று,
தம்பி மாப்பிள்ளை ஒன்று,
தெரியாத வாசகர் ஒருவர்,
அப்புறம் நான்.
என்னுடையது சொட்டுச் சொட்டாக
அவர் கைக்குள் இறங்கிக்கொண்டிருந்தபோது
கண்ணைத் திறந்தார்.
"நோட்டு கொண்டாந்தியா?"
இல்லை சார்.
"எழுதிக்கோ. நாலாவது
தானா வந்து குடிக்காது. நாமளே க்யூல நின்னு..."
தூங்கிவிட்டார்.

க்யூல நின்னு?

வாக்கியம் முடியவில்லை. புள்ளி வைக்க
எனக்கு உரிமை உண்டா தெரியவில்லை.
தங்கசாலையில் பாரம் காத்திருக்கிறது,
வெள்ளிக்குள் கடைக்குப் போயாக வேண்டும்.
முழங்கை மடிப்பில் பஞ்சு
இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கீழே யாரோ கூப்பிடுகிறார்கள்.
ரெஜினாக்கா.
பிரஸ் பையன் குரல் மாதிரிதான் இருக்கிறது.
ரெஜினாக்கா.

ராத்திரியில் மூன்று தரம் கூப்பிட்டால்தான் திறக்கணும்,
பேய் மூன்றாம் தரம் கூப்பிடாது
என்பது ஊர்க் கணக்கு.
பேனா மூடியைக் கழற்றிக்கொண்டு
உட்கார்ந்திருக்கிறேன்.
சாரின் கணக்கு எதுவென்று
நோட்டில் இல்லை.