தொண்ணூறாம் நம்பர் எண்ணெய்

சுங்கச்சாவடியில் தவறான வரிசைக்குள் நுழைந்துவிட்டேன்.
அடுத்த வரிசைக்குத் தாவ
ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தபோது
இடது முன்சக்கரம்
வயிற்றுவலிக்காரனைப் போலச் சுருண்டு
பக்கவாட்டில் படுத்துக்கொண்டது.

பின்னால் ராயக்கோட்டைத் தக்காளி லாரி.
அதற்கும் பின்னால் கிரானைட் ஏற்றிய ஒன்று.
ஹாரன்களுக்கு நடுவே
கூண்டிலிருந்த பையன் எட்டிப் பார்த்து
"சார், இது பொம்மை வண்டியா?" என்றான்.
அறுபத்தேழாம் வருஷத்து ஸ்பிட்ஃபயர்.
எனக்கு வாய் எழவில்லை.

சையத் பாஷா மலையடியில் எங்கள் வீடு.
பகலெல்லாம் குடித்த வெயிலை
ராத்திரி ஒன்பது மணிவரை
பாறை எங்கள்மேல் ஊதும்.
வண்டியை நான்கு கருங்கல்மேல் ஏற்றிவிட்டு
உடைந்த முட்டியைக் கழற்றினேன்.
பித்தளைக் கிண்ணம், உள்ளே இரும்புத் தண்டு.
மரை முழுக்கத் துரு.
துருவுக்கு வெளியே, ஆறிப்போன கேசரி மாதிரி,
ஒன்பது வருஷமாக
மாதம் தவறாமல் நான் அமுக்கிய கிரீஸ்.
ஒரு குன்றிமணி அளவுகூட உள்ளே போயிருக்கவில்லை.

வனஜா கைப்புத்தகத்தைப் புரட்டினாள்.
"எண்ணெய்னு போட்டிருக்கு.
கிரீஸ் இல்ல. தொண்ணூறாம் நம்பர்."
குரலில் ஜெயித்த தொனி இல்லை.
அதுதான் சுட்டது.
முன்பும் ஒருமுறை சொல்லியிருக்கிறாள் போல.
எந்த வருஷம் என்று நான் கேட்கவில்லை.

காவேரிப்பட்டணத்தில்
மாங்கூழ் ஆலைக்குப் பின்னால்
ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு கிடந்தது.
நம் மெட்ராஸில் செய்தது; ஆனாலும்
முன்கால் இரண்டும் இதற்கு ஒரே அச்சு.
டிரைவர் சீட்டில் கோழி அடைகாத்தது.
சிக்கதிம்மன் அதைக் கலைக்காமல்
அடியில் படுத்துக் கழற்றினார்.
மேல்கை, கீழ்கை, ஹப், தண்டு
எல்லாவற்றையும் மாங்காய்த் தராசில் போட்டு
கிலோ அறுபது என்றார்.
முப்பது வருஷம் நகராத வண்டி.
மரை மட்டும் கண்ணாடி.
யாரோ ஒரு டிரைவர்
சரியான எண்ணெயை ஊற்றி வைத்திருக்கிறார்.
அவர் பேர் யாருக்கும் தெரியவில்லை.

பின் ஹப்தான் உயிரை வாங்கியது.
புல்லரை முறுக்கி, சூடு காட்டி, சுத்தியலால் தட்டி
முதல் நாள் முழுக்க அது அசையவில்லை.
இரண்டாம் நாள் சாப்பிட உட்கார்ந்தோம்.
யாரும் தொடாதபோது
'டங்' என்று தானாக விட்டது.
கையில் ரசத்தோடு ஓடினேன்.

பழைய கைகளின் ரப்பரை எரித்தோம்.
தெரு நாறியது;
எதிர்வீட்டு மெகருன்னிசா
ஜன்னலைச் சாத்தும் சத்தம் நன்றாகவே கேட்டது.
புது புஷ்ஷை வைஸில் வைத்து நான் முறுக்க
வனஜா டார்ச் பிடித்தாள்.
"இப்ப இறுக்காத.
சக்கரம் தரையில உட்கார்ந்து
பாரம் ஏறின பிறகுதான் இறுக்கணுமாம்."
இந்தமுறை
ஸ்பானரைக் கீழே வைத்தேன்.

முன் ஹப்பின் பேரிங்குக்குக் கிரீஸ்தான்.
உள்ளங்கையில் குவித்து
உருளை உருளையாக அழுத்தித் திணிக்கவேண்டும்.
ஒரு சாண் கீழே, பித்தளை முட்டிக்கு
எண்ணெய்தான்.
ஒரே சக்கரம்.
ஒரு சாண்.
நான் ஒரே பீச்சாங்குழலோடு
எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டதாக
இத்தனை வருஷம் நம்பியிருக்கிறேன்.
வண்டியை மட்டும் சொல்லவில்லை.

நட்டை இறுக்கி, அரைச் சுற்றுக்கும் குறைவாகத் தளர்த்தி
சக்கரத்தைப் பிடித்து ஆட்டினேன்.
மயிரிழை ஆட்டம் இருந்தது. இருக்கவேண்டும்.
பின்னைச் செருகிக் காதுகளை மடக்கினேன்.

ராத்திரி பதினொன்றுக்கு
சாவடிக்கு முன்னாலிருக்கும் திருப்பத்தில்
ஸ்டியரிங்கைக் கடைசிவரை ஒடித்தேன்.
வனஜா கதவுக்கு வெளியே காதை நீட்டியிருந்தாள்.
"ஏதாவது கேக்குதா?"
"லாரிதான் கேக்குது."
இன்னொரு வட்டம் போட்டோம்.
பிறகு தேவையே இல்லாமல் இன்னொன்று.

காலையில் இடது சக்கரத்தடியில்
ரூபாய்க் காசளவு எண்ணெய்.
துணியோடு குனிந்தேன்.
"இருக்கட்டும்" என்றாள்.
விரலால் தொட்டு,
மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு
உள்ளே போனாள்.