அடிக் கணக்கு

எழுபத்தொரு நாளாய் அணைந்து கிடந்தது அவர் செல்.
மூன்று முறை அழைத்துப் பார்த்துவிட்டு
'தொடர்பு அறுந்தவர்' என்று எழுதிக்கொள்ளலாம்,
விதி இருக்கிறது.
நான் ஈரோட்டில் இறங்கி
திருச்செங்கோட்டு பஸ் மாறினேன்.

எங்கள் தாளில் அவருக்குப் பெயர் கிடையாது.
நானூற்றுப் பதினேழு. ஆண். ஐம்பத்தெட்டு.
உள்ளே நிறைவதில் கால்வாசியைத்தான்
வெளியே தள்ளும் இதயம்.
இடது தோளுக்குக் கீழே தீப்பெட்டியளவு கருவி,
துடிப்பு தறிகெட்டு ஓடினால்
அறைந்து நிறுத்தும்.

கோயமுத்தூரில் ஒப்புதல் வாங்கிய அன்று சொன்னேன்:
மாத்திரையில் மருந்து இருக்கலாம், வெறும் மாவும் இருக்கலாம்.
உங்களுக்கும் தெரியாது,
எங்கள் டாக்டருக்கும் தெரியாது.
பதினாறு பக்கத்தையும் புரட்டி முடித்து நிமிர்ந்தார்.
"ரிக்கு மாதிரிங்களா?
ஓட்டற எனக்கும் தெரியாது, தோட்டத்துக்காரருக்கும் தெரியாது.
ஆனா நிறுத்தாமப் போட்டுட்டே இருக்கோணும்."
நாச்சிமுத்து என்று கையெழுத்திட்டு
ஏனோ கீழே வண்டி எண்ணையும் எழுதினார்.

"வாங்க அம்மிணி,
செல்லு தண்ணித் தொட்டியில உழுந்துருச்சுங்க" என்றாள் பாவாயி.
நாங்கள் கொடுத்த எடை மிஷின் முள் ஒடிந்து
கோழித் தீவன டப்பாவுக்கு மூடியாகியிருந்தது.
அப்போ எடை?
பருத்தி மண்டியிலுங்க, தெனமும் வெடியால,
மூட்டைக எல்லாம் ஏறறதுக்கு முன்னால.

கிரீஸ் விரல் பதிந்த நோட்டு ஒன்று வந்தது.
ரிக்கு வண்டியில் ஆழம் குறிப்பது.
தேதி, ஊர், குழாய், தண்ணி, அடி
என்று கட்டம் அச்சிட்டது.

ஊர்: வீடு. வீடு. வீடு. ஒரு நாள் மட்டும் அந்தியூர்ச் சந்தை.
குழாய்: அறுபத்திரண்டு. அறுபத்திரண்டு. அறுபத்து மூன்றரை.
அறுபத்தைந்து, பக்கத்தில் பொடியாக: செருப்பு நுழையலை.
தண்ணி: ஒன்றரை, ஒன்றரை, ஒன்றரை.

எண்ணூறு அடியில் ஒன்றரை இஞ்சு வந்துவிட்டால்
தோட்டத்தில் கிடா வெட்டுவார்கள்.
இவருக்கு நாங்கள் அளந்துவிட்டது
ரசம் மோர் எல்லாம் சேர்த்து ஒன்றரை லிட்டர்.

அடி: சுழி. சுழி. பக்கம் பக்கமாய்ச் சுழி.
ஆவணி ஒன்பது: ஒன்று.
புரட்டாசி இரண்டு: மூன்று.

அது ஆழமில்லை என்று புரிய
எனக்குக் கொஞ்சம் நேரமானது.

"கம்ப்ரசர் ஓசு புடுங்கிட்டு வந்து
நெஞ்சுல அடிச்ச மாதிரிங்க.
மூணாவதுக்கு நாயே எந்திரிச்சுப் போயிருச்சு.
இவளை எழுப்பலீங்க."

பாவாயி அவருக்குக் கொண்டுவந்த காப்பியையும்
என்னிடமே நீட்டினாள்.

அன்றைக்கே கார் பிடித்துக் கூட்டி வந்தோம்.
மார்பின் மேல் வைத்த வட்டுக்குக் கருவி ஒப்பித்தது:
செப்டம்பர் பதினெட்டு, பின்னிரவு இரண்டு நாற்பது,
நிமிடத்துக்கு இருநூற்றுப் பதினான்கு,
மூன்று அதிர்ச்சி.
நோட்டில் இருந்ததும் அதேதான்.

மும்பைக் கண்காணிப்பாளர் கேள்வி எழுப்பினார்:
எடைகளுக்கு மூல ஆவணம் எது?
போர்வெல் வண்டியின் ஆழக் கணக்கு நோட்டு,
பக்கம் முப்பத்தொன்று முதல், என்று எழுதினேன்.
இரண்டு நாள் சத்தமில்லை.
பிறகு கேள்வியை மூடிவிட்டார்கள்.

உறை இன்னும் பிரிக்கவில்லை.
மருந்தா, மாவா?
அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.
வீக்கம் வடிந்து அறுபத்திரண்டே முக்காலில் நிற்கிறார்.
புது நோட்டு ஒன்று வாங்கித் தரட்டுமா என்றேன்.

"இதுலயே பாதி காலியாக் கெடக்குதுங்களே" என்றார்.