கம்பம் நூற்றுப் பதினான்கு

பணி ஓய்வுக்கு ஒரு மாலையும்
ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்தார்கள்.
கடிகாரத்தில் பேட்டரி இல்லை.
மின்வாரியம் அல்லவா.

முப்பத்தோரு வருஷம்
பூம்பாறைக்கும் கூக்காலுக்கும் நடுவே
எனக்குத் தெரிந்ததெல்லாம் லைன்.
அறுபத்தோராவது வயதில்
அது வரியாக மாறும் என்று
யார் நினைத்தது?

மழை பெய்தால் இன்னும் தூக்கம் வராது,
போன் அடிக்கும் என்று காது காத்திருக்கும்.
அப்படி ஒரு ராத்திரி
பழைய ஷட்டவுன் படிவத்தின் முதுகில்
எதையோ கிறுக்கினேன்.
நான் புகார் என்று நினைத்தேன்.
மரியபுஷ்பம் படித்துவிட்டு, பாட்டு என்றாள்.

*காட்டுமாடு வந்து நின்னு
கம்பத்துல முதுகு சொரிய,
கூக்காலு ஊரே இருட்டு,
குழம்புச்சட்டி எங்க தெரிய?*

இலக்கணம் படித்ததில்லை.
ஏணியில் ஏறும் கணக்குதான்.
நாலு படி, மூச்சு.
நாலு படி, மூச்சு.

சொல்லிப் பார்க்க
டிரான்ஸ்பார்மர் வேலிக்கு முன்னால் போய் நிற்பேன்.
எதைச் சொன்னாலும் அது
ம்ம்ம் என்கிறது.

மண் சரிந்து வடுகபட்டி லாரி
மேலே வர முடியாமல் நின்ற இரவு,
பூண்டு கிட்டங்கியில் முப்பது பேர்
மூட்டை மேலும் தரையிலும்.
“அருளாந்து அண்ணன் என்னமோ எழுதுறாராமே”
என்று எவனோ வாயை விட்டான்.
எழுந்தேன்.
என் தொண்டையில் டெஸ்டர் வைத்திருந்தால்
எரிந்திருக்கும்.

*ஏணியோட போனோம் நாலு பேரு,
ஏணி மட்டும் அங்க நிக்குது;
கோணிமூட்டைக்குள்ள ஒருத்தன்,
குடல் நடுங்குற சத்தம் கேக்குது.*

சிரித்தார்கள். சுமைக்காரர் ஒருவருக்குப் புரையேறியது.
மூன்றாவது கண்ணிக்குத் தாளைத் திருப்புகிறேன்,
கரண்ட் போய்விட்டது.

இருட்டில் தெரியாது. ஆனால் தெரியும்,
முப்பது தலையும் என் பக்கம்தான் திரும்பின.
என் கை இடுப்பில்
இல்லாத கட்டிங் பிளேயரைத் தேடியது.
ஜெகதீசன் டார்ச்சோடு வெளியே ஓடினான்.
அது இப்போது அவன் இருட்டு.

நான் தாளோடு நின்றேன்.
கண்ணி மறந்துவிட்டது.
பூண்டுத் தாள் அறுக்கும் கத்திச் சத்தம் மட்டும்
ஒரு மூலையில் நிற்கவில்லை.
அந்த மூலையிலிருந்து வெள்ளத்தாயின் குரல்:
“மாட்டுக் கதை போதும்ணே.
காளை கதை சொல்லுங்க.”

காளை அவள் புருஷன்.
எனக்கு உதவியாள், பதினோரு வருஷம்.
எண்பத்தேழாம் கம்பம்.
லைன் கிளியர் என்று சொன்னது நான்.
யார் வீட்டு ஜெனரேட்டரோ
அதைக் கேட்கவில்லை.

எதுகை வரவில்லை, மோனை வரவில்லை.
இன்சுலேட்டரை அவன்
இஞ்சிலேட்டு என்பான், சொன்னேன்.
எங்கள் இருவருக்கும் ஒரே மழைக்கோட்டு,
ஏறுகிறவனுக்குத்தான் அது, சொன்னேன்.
அன்று அவன் தூக்குச்சட்டியில் பட்டாணிக் குழம்பு.
மேலே கால் வைக்கும் முன்
நாளைக்கு லீவு வேணும்ணே என்றான்.
பார்க்கலாம் என்றேன்.
நாலு படி சொன்னேன்.
மூச்சு.

கரண்ட் வந்தது.
யாரும் கை தட்டவில்லை.
ஜெகதீசன் வாசலில் நனைந்து நிற்கிறான்,
என்ன நடந்தது என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை.
வெள்ளத்தாய் அடுத்த பிடியை எடுத்து
வேரை நறுக்கிக்கொண்டே சொன்னாள்:
“பட்டாணி இல்லண்ணே, அவரை.
காலையில நாந்தானே கட்டிக் குடுத்தேன்.”

வீட்டுக்கு வந்ததும்
முதல் வேலையாய் அவரை என்று எழுதிவைத்தேன்.
அதற்கு மேல் போகவில்லை.
காளைக்கு எதுகை நாளை,
கச்சிதமாய் வந்து விழுகிறது.
அதனாலேயே பிடிக்கவில்லை.

மாட்டின் மூன்றாம் கண்ணியை
புதன்கிழமை கேட்டிருக்கிறார்கள்.
லாரி வந்தாலும்
நிறுத்திவைப்பதாகச் சொல்கிறார்கள்.