நின்ற நேரம்

முன்கண்ணாடியின் மூலையில்
பழைய சொந்தக்காரர் விட்டுப்போன ஸ்டிக்கர்:
அடுத்த ஒயில் மாற்றம் ஐயாயிரம் கிலோமீற்றரில்.

எந்தக் காருக்கு?
கம்பனி விட்ட ஸ்டார்லெட்டுக்கு என்றால் சரி.
இது டேர்போ பெருத்து, பம்பரை அறுத்து
இன்டர்கூலருக்கு வழிவிட்டு,
நாலு பிஸ்டனும் மாறி,
பதிவுப் புத்தகத்தில் மட்டும்
பழைய பெயரோடு இருக்கிற வேறொன்று.

பஞ்சிகாவத்தையில் முப்லிஹ் கடை.
மேசையில் வரிசையாக வைக்கிறார்:
ஐந்து-முப்பது, பத்து-நாற்பது, பதினைந்து-ஐம்பது.
"இப்ப வாற கார் எல்லாம் சீரோ-இருபதுதான் கேக்குது மிஸ்.
தண்ணி மாதிரி ஓடும்."

தண்ணி மாதிரி ஓடுவது எனக்கு வேண்டாம்.
கொழும்பின் எந்த விடியலும் உறைவதில்லை.
முன்னிலக்கம் எதுவானாலும் இது எழும்பிவிடும்.
எனக்குப் பின்னிலக்கம் வேணும்.
பகல் இரண்டு மணி, பொரளைச் சந்தி,
சிவப்பு விளக்கு நூற்றிருபதிலிருந்து
இறங்கி இறங்கி எண்ணுகிற நேரத்தில்
உலோகத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே
கிழியாமல் நிற்கிற ஒரு படலம்.

பத்து-நாற்பதை எடுத்தேன்.
மூடியின் வளையத்தை நகத்தால் தடவினேன்.
முப்லிஹின் முகம் கொஞ்சம் சுருங்கியது.
கணக்காய்வு என் தொழில்.
நல்ல மனுசர்களின் முத்திரையையும்
தடவித்தான் பார்ப்பேன்.

எப்போது மாற்றுவது என்பதில்தான் சண்டை.
அலுவலகத்துக் கிருத்திகன்: பத்தாயிரம்,
சிந்தெட்டிக் ஊற்றிவிட்டு ஏன் பயம்?
தெமட்டகொடை கராஜில் துலஞ்ச: மூவாயிரம்,
அதற்குமேல் என்னிடம் அழுதுகொண்டு வராதே.
இருவரும் கிலோமீற்றரில் பேசினார்கள்.
நான் ஒரு மாதம் கொப்பியில் எழுதினேன்.

ஜூன்.
ஓடிய தூரம் நானூற்றுப் பன்னிரண்டு.
எஞ்சின் உழைத்த நேரம் முப்பத்தெட்டு மணித்தியாலம்.
வகுத்தால் மணிக்குப் பதினொன்றுகூட இல்லை;
பள்ளிக்கூடப் பையன் சைக்கிளில் முந்துவான்.

ஆக, மீற்றர் மூவாயிரம் என்று சொல்கிற அன்று
ஒயில், திறந்த பாதையில் ஓடியிருந்தால்
பதினாலாயிரத்துக்குக் கிட்டத்தட்ட உழைத்திருக்கும்.
சில்லு சுற்றாத எதையும் மீற்றர் பதியாது.
இப்படி ஒரு பேரேட்டை எந்தக் கம்பனி கொண்டுவந்தாலும்
நான் கையெழுத்துப் போடமாட்டேன்.

அந்த முப்பத்தெட்டு மணித்தியாலமும்
நானும் உள்ளேதான் இருந்தேன்.

ஞாயிறு விடிகாலை கொட்டாவையில் ஏறினால்
வேறு கதை.
பூஸ்ட் முள் வலப்பக்கம் சாய, விசில் எழும்ப,
ஈரமான ரப்பர் தோட்டங்கள் பின்னால் போகும்.
வெலிப்பன்னையில் ஒரு பிளேன்டீ.
திரும்பி வந்து தொடர்மாடிக்குக் கீழே நிறுத்தி
சாவியைத் திருகாமல் இரண்டு நிமிடம் இருப்பேன்.
சுட்டுப்போன டேர்போவுக்குள் ஒயில் வற்றிக் கருகக்கூடாது.
காவலாளி ஜன்னலைத் தட்டுவார்:
"ஏன் மிஸ், இறங்க மனமில்லையா?"
இந்த நிமிடங்களும் கொப்பியில் உண்டு.

நேற்று துலஞ்ச நட்டைக் கழற்றினான்.
கறுப்பு, மெல்லிய நூலாக, பேசினுக்குள்.
நட்டின் காந்தத்தில் சாம்பல்நிறப் பசை.
பெருவிரலில் எடுத்து வெயிலில் பிடித்தான்.
"மை மாதிரி இருந்தால் ஒன்றுமில்லை.
ஊசி மாதிரி மின்னினால் எஞ்சினை இறக்கவேணும்."
மை மாதிரித்தான் இருந்தது.
முப்லிஹின் பில்லில் துடைத்து
பில்லைக் கொப்பிக்குள் வைத்தேன்.

பழைய ஸ்டிக்கர் முழுதாக உரியவில்லை.
பசை ஒட்டிய சதுரத்தின் மேலேயே புதியது:
இருநூறு மணித்தியாலம்,
அல்லது ஆறு மாதம்,
எது முந்துதோ.
துலஞ்ச வாசித்துத் தலையைச் சொறிந்தான்.
மணித்தியாலம் காட்டுகிற மீற்றர்
இந்தக் காரில் இல்லையே என்றான்.

இல்லைத்தான்.

நாலு லீற்றர் கேனில்
மூன்றேகால் உள்ளே போயிற்று.
மிச்சம் டிக்கியில், பழைய துவாய் சுற்றி.
இது கொஞ்சம் குடிக்கிற எஞ்சின்.
குடிப்பதையும் எழுதவேணும்.