நூற்று இருபத்தெட்டாவது பைட்

உபி தொழிற்பேட்டை, ஒன்பதாம் மாடி.
ஏழு மணிக்கே ஏர்கானை அணைத்துவிடுகிறார்கள்.
பையை மாட்டிக்கொண்டே ஷூ லிங் சொன்னாள்:
'அந்த விடுதிப் புகார்க் கோப்பு வெறும் குப்பை. அழித்துவிடு.'

குப்பைதான்.
ஒன்றும் சுழியும் இடைவெளியே இல்லாமல்
ஆயிரத்து இருபத்து நான்கு.

எட்டெட்டாக வெட்டினேன்.
எனக்கு முன் இந்த நிரலை எழுதியவர்
ஒவ்வொரு எட்டையும் தனித்தனி எழுத்தாக்கியிருக்கிறார்:
தலையில் கீறல் விழுந்த ஏ,
வட்டத்துக்குள் ஆர்,
மறுபடி அதே ஏ, அதே ஆர்.
பதினொரு நாள் முன்பு யாரோ அதைப் பார்த்து
'வாசிக்க இயலாது, முடிந்தது' என்று குறித்திருக்கிறார்.

11100000

இந்த முகத்தை எனக்குத் தெரியும்.
முன்னால் நிற்கும் மூன்று ஒன்றும்
'என்னோடு சேர்த்து மூன்று பேர்' என்கின்றன.
நம் எழுத்து ஒவ்வொன்றுக்கும் மூன்று இருக்கை.
மெய்யின் தலையில் வைக்கும் புள்ளிக்குக்கூட
தனியாக மூன்று.

பைத்தானில் இரண்டு வரி மாற்றினேன்.
முதலில் எல்லாவற்றையும் பைட்டாகக் கோர்,
பிறகு மொத்தமாக வாசி.
சிவப்பில் கத்தியது: கடைசியில் ஏதோ குறைகிறது.
குறைந்தால் பரவாயில்லை என்று
இன்னொரு சொல் சேர்த்து ஓட்டினேன்.

விசிறி ஓடலை சார்... பக்கத்து கட்டில் அண்ணனுக்கு

அப்புறம் ஒரு கறுப்பு வைரம்,
அதன் வயிற்றில் கேள்விக்குறி.

புகார்ப் பெட்டியில் நூற்று இருபத்தெட்டு பைட்தான் பிடிக்கும்.
அடுத்த எழுத்தின் இரண்டு பைட் உள்ளே வந்துவிட்டன,
மூன்றாவது வெளியே நின்றுவிட்டது.
வந்த இரண்டுக்கும் தெரிந்தது
இது தமிழ் என்பது மட்டும்.
அ-வாக இருக்கலாம், ஹ-வாகவும்.
காய்ச்சல் என்றால் க.
மூச்சு என்றால் ம.
ஒண்ணுமில்லை என்றால் ஒ; அதுவும் பொருந்துகிறது,
அதை எழுதவா ஒருவர் ராத்திரி ரெண்டு மணிக்கு
போனை எடுத்திருப்பார்?

பக்கத்துக் கட்டத்தில் துவாஸ் விடுதியின் எண் இருந்தது.
அறை நாலு பதினேழு, கட்டில் ஆறு.
பத்து இருபதுக்கு அழைத்தேன்.
நிறைய நேரம் அடித்து, யாரோ எடுத்தார்கள்.

'பக்கத்துக் கட்டில் அண்ணனுக்கு...' என்றேன்.
அதற்கு மேல் என்னிடமும் எழுத்து இல்லை.

மறுமுனையில் விசிறி ஓடும் சத்தம்.

'எந்த அண்ணன்?'