பூக்காத கண்ணாடி

ஒன்பது முறை கண்ணாடி பூத்துவிட்டது.
காத்திருந்து கண் பூத்துப்போனது என்பார்களே,
அப்படித்தான்: குப்பியின் உள்ளே வெண்படலம்.
புளோரின் கழன்றிருக்கிறது,
ஹைட்ரஜனோடு கூடி அமிலமாகிக்
கண்ணாடியை நக்கியிருக்கிறது.
நோட்டில் எழுதினேன்: தோல்வி.
மறுபடி தோல்வி.
ஏழாவதுக்குப் பிறகு வெறும் கோடு.

மூல்ஹைமில் ஜனவரி. ரூர் ஆறு
கரையோர நடைபாதையில் ஏறிக் கிடக்கிறது.
அழுத்த அறையில் காச்மரெக்
எட்டுத் திருகையும் இறுக்குகிறார்,
எதிரெதிராக, அவசரமில்லாமல்.
"ஐம்பது பார். இன்றைக்கு எதை மாற்றினாய், வீப்கே?"

மணலை.
சிலிக்காவின் தோலை மாற்றினேன், தண்ணீர் ஒட்டாதபடி.
அதன்மேல் ரோடியம், ஒவ்வொரு துகளும் இரண்டு நானோமீட்டர்.
கண்ணுக்குப் பட்டது கரும்பொடி மட்டும்,
தும்மினால் போச்சு.

கேட்பது இவ்வளவுதான்:
தட்டையான வளையம் ஹைட்ரஜனை வாங்கிக்கொள்ளட்டும்,
தன் புளோரினை விட்டுவிட வேண்டாம்.
உலோகத்துக்குக் கொடுக்கவும் தெரியும்,
பிடுங்கவும் தெரியும்.
எதை முதலில் செய்யும் என்பதில்தான்
என் மூன்று வருடம்.

காச்மரெக் மோதிரத்தைக் காட்டினார்.
வெள்ளைத் தங்கம்; விளிம்பில் மஞ்சள் எட்டிப் பார்க்கிறது.
"மேலே பூசியது உன் ரோடியம்தான். தேய்ந்துவிட்டது.
திரும்பப் பூச ஓபர்ஹவுசனில் எழுபது யூரோ கேட்கிறான்.
இல்ஸெ இருந்திருந்தால் நாற்பதுக்கு முடித்திருப்பாள்."
நான் எதுவும் கேட்கவில்லை.
முள் ஐம்பதிலிருந்து மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது;
உள்ளே யாரோ குடிக்கிறார்கள்.

காலையில் நாற்பத்தொன்று.
திறந்தோம்.
கழுவித் துடைத்துத் தூக்கிப் பிடித்த குப்பிக்கு அப்பால்
காச்மரெக்கின் கட்டைவிரல் ரேகை,
ஒவ்வொரு கோடாக.

பிறகு நிறமாலை சொன்னது:
வளையம் உலோகத்தின்மேல் குப்புறப் படுத்திருக்கிறது,
ஹைட்ரஜன் எல்லாம் அடியிலிருந்து ஏறியிருக்கிறது.
புளோரின் நான்கும் முதுகுப் பக்கம்,
நூற்றிரண்டாம் நம்பர் டிராமில்
ஆறு தெரியும் சன்னலுக்கே சாய்ந்த பயணிகளாய்.
ஒன்றையொன்று பிடிக்காது அவற்றுக்கு.
இருந்தும் இறங்கவில்லை.

நூறில் இரண்டு இன்னும் கழல்கிறது.
நிறமாலையின் ஓரத்தில் சிறு மேடு,
அதை மறைக்காமல்தான் அச்செடுத்தேன்.

பூத்துப்போன ஒன்பதையும்
காச்மரெக் குப்பையில் போடவில்லை போலிருக்கிறது.
இன்று அவர் மேசையில் ஒன்றைப் பார்த்தேன்,
மூன்று பென்சிலும் ஒரு திருப்புளியுமாக.