சாய்வு

பதினொரு வருடம்
எங்கள் கட்டிலின் தலைமாடு ஒரு சாண் உயரம்.
இரண்டு காலுக்கும் இரண்டிரண்டு செங்கல்.
ஓல்டன் நிலையத்தில் பழைய மேடையை உடைத்த கிழமை
கேட்டு வாங்கி, பெட்டி துடைக்கும் துணிகளுக்கு அடியில் வைத்து
வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தேன்.

படுத்தால் ஏறிவரும்.
சாப்பிட்டது அல்ல, சாப்பிட்டதைக் கரைத்த நீர்.
புளிப்பு என்றால் போதாது,
செம்பு விளக்கலாம் அதில்.
தொண்டைக்குழி தாண்டி
பல்லின் பின்புறத்தைத் தடவிவிட்டு இறங்கும்.
விடிந்தால் என் குரல்
யாரோ பாதியில் கிழித்த பயணச்சீட்டு.

தயாபரன் ஒன்றும் சொன்னதில்லை.
இரவிரவாகச் சறுக்கிக் கால்மாட்டுக்குப் போய்விடுவார்.
காலையில் என் பாதத்துக்குப் பக்கத்தில் அவர் காது.

மாத்திரை ஒன்று, பிறகு இரண்டு.
ஆறு மணிக்கு மேல் தேத்தண்ணி இல்லை.
கலியாண வீட்டில் சோற்றை ஒதுக்கினால்
"டயற்றோ?" என்பார்கள்.
ஓம் என்றுவிடுவேன்.
அதுதான் சுருக்கம்.

ஆஸ்பத்திரியில் மொழிபெயர்ப்பாளர் தொலைபேசியில் வந்தார்.
வாகீசனாம், இங்கே பிறந்த பிள்ளை.
"வயிறெரியுது தம்பி, பதினொரு வருசமா."
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"ஆரைப் பாத்து அக்கா?"
நான் சிரிக்க, அமிலம் ஏற, இருமினேன்.
டொக்டர் ஏஷ்லிமான் அந்த இருமலை
மொழிபெயர்ப்பில்லாமலே எழுதிக்கொண்டார்.

படம் கீறினார்.
உணவுக்குழாய், இரைப்பை, நடுவில் ஒரு கதவு.
கீழே போகிறவைக்கு மட்டும் திறக்கவேண்டியது,
எனக்கு எந்நேரமும் ஆவென்று கிடக்கிறது.
இது விளங்க எனக்கு வாகீசன் தேவையில்லை.
நாலு திசைத் தண்டவாளமும் வந்து முட்டும் ஊரில்
இரவு வேலை எனக்கு.
ஒரு கதவு மூடாவிட்டால் ரயில் அசையாது.
நான்தான் அசைந்துகொண்டிருந்திருக்கிறேன்.

பிறகு மேசையில் ஒரு வளையம் வைத்தார்.
டைட்டேனியத்தில் கோத்த பதின்மூன்று மணி,
ஒவ்வொன்றின் வயிற்றிலும் ஒரு காந்தம்.
விரலை விட்டேன், விலகி இடம் தந்தது.
எடுத்தேன்,
ஒன்றையொன்று தேடி ஒட்டிக்கொண்டது.
முட்டினால் திற. போனதும் சேர்.
அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான்.
"எவ்வளவு வெட்டுவீங்கள்?"
"ஐந்து துளை."
பெரியதே என் பெருவிரல் நகத்தின் அகலம்.

கண் விழித்தபோது வயிறு நோகவில்லை, தோள்மூட்டு நொந்தது.
உள்ளே ஊதிய காற்று அங்கே போய் நிற்குமாம்.
வயிற்றில் ஐந்து ஒட்டுப்பிளாஸ்டர்,
தபால் முத்திரைகள் போல.

வளையத்தைச் சும்மா இருக்கவிடக் கூடாது என்றார்கள்.
விட்டால் தழும்பு இறுகி அதைப் பூட்டிவிடும்.
மணிக்கொருதரம் மூன்று கரண்டி.
ஆகையால் இரவு இரண்டு மணிக்கு,
பேர்னிலிருந்து வந்து ஆறிக்கொண்டிருக்கும் வெற்றுப் பெட்டியில்,
முதல் வகுப்பு ஆசனத்தில் இருந்து
மருத்துவர் சொற்படி தயிர்ச்சோறு சாப்பிட்டேன்.
மேற்பார்வையாளர் எட்டிப் பார்த்தார்.
கடிதத்தைக் காட்டினேன்.
பாண் துண்டு ஒன்று மட்டும் மூன்றாம் கிழமை
மார்புக்கு நடுவில் நின்று யோசித்தது.
தண்ணீர் குடித்தேன்.
யோசித்து முடித்து இறங்கியது.

உள்ளே என்ன இருக்கிறதென்று சொல்லும் சின்ன அட்டை
சி அனுமதிப்பத்திரத்துக்குப் பின்னால் இருக்கிறது.
காந்தப் படம் எடுக்கும் அறைக்கு முன்
இரண்டாவதைத்தான் முதலில் நீட்டவேண்டுமாம்.

ஆறாம் கிழமை செங்கல்லை எடுத்தோம்.
கட்டில் தரைக்கு இறங்கியபோது
உள்ளே எதுவும் ஏறவில்லை.
மல்லாந்து கிடந்தேன்.
கூரையில் ஒரு வெடிப்பு, ஆரே ஆறு மாதிரி வளைந்து.
எத்தனை வருடமாய் இருக்கிறதோ.

தயாபரன் சறுக்கவில்லை.
சறுக்க இடமில்லை.
என் முகத்துக்கு நேரே அவர் முகம்,
பிறகு,
காதுக்குள் நேராக,
சரக்கு வண்டி ஏற்றத்தில் இழுப்பது போல் ஒரு குறட்டை.
பதினொரு வருடம் இதை
என் கால்கள்தான் கேட்டிருக்கின்றன.

நாலு செங்கல்லும் பால்கனியில், மூடுபனியில்.
இன்னும் எறியவில்லை.